வாசல் கட்டணம் இல்லாத இரவில் வாசிக்கப் போகும் பேண்டுக்கு

சிகாகோவில் படிக்கும் நான்கு பேர் சேர்ந்து ஓர் இண்டி ராக் பேண்ட் வைத்திருக்கிறீர்கள்: இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், பாடுவது இரண்டு பேர். பக்கத்தில் உள்ள ஒரு கிளப்பில் திங்கட்கிழமை இரவு, நுழைவுக் கட்டணம் இல்லாத நிகழ்ச்சியில், நான்கு பேண்டுகளில் முதலாவதாக 30 நிமிடம் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்புக்கொள்ளலாமா, ஒப்புக்கொண்டால் என்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். நம்மைச் சும்மா வேலை வாங்குகிறார்களோ என்ற சந்தேகமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கிளப் மேடைகளில் ஒலிப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் அந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த இரவின் கணக்கு புரிந்துவிட்டால், என்ன தயார் செய்ய வேண்டும் என்பதில் பாதி தானாகத் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை கிளப்புக்குச் செத்த இரவு. வாடகையும் காப்பீடும் ஓடிக்கொண்டிருக்கும், ஆள் வராது. அதனால் வாசலில் வாங்கும் பத்து டாலரை விட்டுவிட்டு, உள்ளே வருகிறவர்கள் குடிக்கும் பீரை நம்பி இரவை ஓட்டுவது அமெரிக்க நகரங்களில் பழைய வழக்கம். உங்கள் ஊரிலேயே எம்ப்டி பாட்டில் கிளப் திங்கட்கிழமை இலவச இரவுகளுக்குப் பேர் போனது. லாஸ் ஏஞ்சலஸில் சில்வர் லேக் பகுதியின் ஸ்பேஸ்லேண்டும் (1995இல் தொடங்கி, 2011இல் சாட்டிலைட் என்று பெயர் மாறி, 2020இல் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டது) எக்கோ பார்க் பகுதியின் தி எக்கோவும் ஒரே பேண்டுக்கு ஒரு மாதத்தின் எல்லாத் திங்கட்கிழமைகளையும் கொடுத்து, வாசலில் காசு வாங்காமல் நடத்தின. ஃபாஸ்டர் த பீப்பிள் என்ற பேண்ட் 2011 ஜனவரியில் எக்கோவில் அப்படித்தான் ஒரு மாதம் வாசித்தார்கள். அதற்கு முன்பே அவர்கள் பாட்டு வானொலியில் ஓடத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலவச இரவு ஒன்றே ஒரு பேண்டைத் தூக்கிவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒரு முறைக்கு. 1980களில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் கிளப்புகளில் பரவிய முறை அது. பேண்ட் முதலிலேயே 40, 50 டிக்கெட்டுகளைத் தன் காசில் வாங்கி, நண்பர்கள் தலையில் கட்ட வேண்டும். விற்காமல் மிஞ்சியது பேண்டின் நஷ்டம். அப்படி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பில் காசு போடச் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். 120 பேர் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு குடிக்கிறார்கள், சராசரி விலை 7 டாலர் என்றால் பாரில் 1,680 டாலர் விழும். சரக்கு வாங்கிய விலை அதில் கால்வாசி என்று வைத்தால் மிஞ்சுவது 1,260. ஒலிப் பொறுப்பாளருக்கு 175, வாசலில் நிற்பவருக்கு 100, பாரில் நிற்கும் இருவருக்குச் சம்பளம், மின்சாரம், வாடகை, இசை உரிமக் கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். பார் வரவில் பத்து சதவீதம் பேண்டுகளுக்கு என்று பேசியிருந்தால் 168 டாலர். நான்கு பேண்டுக்குப் பிரித்தால் தலா 42. பார்க்கிங்குக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போய்விடும். இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்கள் கிளப்பின் எண்கள் மாறும், ஆனால் அளவு இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். யாரோ உங்கள் உழைப்பில் பெரிய லாபம் அள்ளுகிறார் என்று நினைக்கத் தேவையில்லை. அதேபோல், சும்மா வாசிப்பது கலைக்குச் செய்யும் தியாகம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். என்ன தருவீர்கள் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை.

கேட்க வேண்டியதை ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையா, பார் வரவில் பங்கா, ஒரு குறிப்பிட்ட வரவுக்கு மேல் போனால்தான் பங்கா, கூட்டத்திடம் காசுக்குத் தொப்பி சுற்றி வருமா, ஆளுக்கு எத்தனை இலவசக் குடிப்புச் சீட்டு என்பது முதலாவது. எத்தனை மணிக்குச் சாமான் இறக்க வேண்டும், எத்தனை மணிக்கு மேடை ஏற வேண்டும், டிரம்ஸும் பேஸ் கேபினட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) யாருடையது என்பது அடுத்தது. டி-ஷர்ட் விற்பதில் கிளப்புக்குப் பங்கு உண்டா என்றும் கேளுங்கள். சிறிய இடங்களில் பெரும்பாலும் கிடையாது. கடைசியாக, இந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் இத்தனை நாளுக்கு ஊரில் வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி நிபந்தனை இல்லாவிட்டாலும், டிக்கெட் வைத்து நடத்தும் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு அதே ஊரில் இலவசமாக வாசிக்காதீர்கள். உங்களைச் சும்மா பார்த்தவர் பதினைந்தே நாளில் காசு கொடுத்துப் பார்க்க வருவது அரிது.

மாணவர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் பணத்துக்கு வேலை செய்யக் கூடாது. மேடையில் வாசித்து வாங்கும் பணம், பங்காக வந்த 10 டாலரானாலும், தொப்பியில் விழுந்த சில்லறையானாலும், அந்த விதிக்குள் வந்துவிடும் அபாயம் உண்டு. பணமே வாங்காவிட்டால் பிரச்சினை இல்லை என்று பலர் சொல்வார்கள். அதுவும் எல்லாச் சூழ்நிலைக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இது ஒலிக்காரன் முடிவு சொல்லும் விஷயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பணப் பேச்சுக்குப் போங்கள். சொந்தப் பாட்டு வாசித்தால் அதற்கு ராயல்டி கேட்கவும் வழி உண்டு: கிளப் வைத்திருக்கும் மொத்த உரிமத்தின் கீழ், ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளில் பதிவு செய்த பாடலாசிரியர்கள் தாங்கள் வாசித்த பட்டியலை இணையத்தில் தரலாம். வாசல் இலவசம் என்பது இதற்குத் தடையில்லை. தொகை சிறியது. அதை வாங்கலாமா என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி மேடை. இலவச இரவில் கிளப்பும் பேண்டும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் நாணயம் நேரம்தான். கணக்கைப் பாருங்கள்: மூன்று பேண்டுக்கு 30 நிமிடம், கடைசி பேண்டுக்கு 45 நிமிடம், இடையில் மூன்று முறை மேடை மாற்ற 15 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால் சரியாக 12 மணிக்கு முடியும். ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து நிமிடம் நழுவினால் கடைசி பேண்ட் முடிக்கும்போது 12.30. டிக்கெட் வாங்கி வந்தவர் கொடுத்த காசுக்காகக் காத்திருப்பார். சும்மா வந்தவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியவர் மேடை வெறுமையாக இருக்கும் அந்த நேரத்தில்தான் கோட்டை மாட்டுவார். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து இலை எடுக்கும் வேகத்தில்தான் இரண்டாம் பந்தியின் மரியாதை இருக்கிறது. இங்கே முதல் பந்தி நீங்கள். கிளப்காரர் உங்களை மறுபடி கூப்பிடுவாரா என்பதில் உங்கள் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, மேடையை விட்டு இறங்கிய வேகத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

சவுண்ட் செக் பொதுவாகத் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிப்பவர் முதலில் செக் செய்வார், முதலில் வாசிப்பவர் கடைசியில். அதனால் உங்கள் மைக்குகளும் ஆம்ப்களும் வைத்தது வைத்தபடி மேடையிலேயே இருக்கும், அது வசதி. ஆனால் முன்னால் யார் தாமதித்தாலும் அந்த நேரம் உங்களிடமிருந்துதான் வெட்டப்படும். முழு சவுண்ட் செக் கிடைக்காது, லைன் செக்தான் என்று எண்ணியே போங்கள். லைன் செக்கில் கிக், ஸ்நேர், டாம் (மூன்றும் டிரம்ஸ் செட்டின் பறைகள்), பேஸ், கிட்டார், குரல் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நொடிதான். கூப்பிட்டவர் மட்டும் வாசிக்க வேண்டும், மற்றவர் கை கம்பியில் படக் கூடாது. வாசிப்பதை நிகழ்ச்சியில் வாசிக்கும் பலத்தில் வாசியுங்கள். "ஒன் டூ" என்று முணுமுணுத்துவிட்டு மேடையில் கத்திப் பாடினால் அங்கே அமைத்த அளவு எல்லாம் வீண். ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத்தில் மேடைப் படமும் சேனல் பட்டியலும் அனுப்பிவிடுங்கள்: கிக், ஸ்நேர், இரண்டு டாம், டிஐ பெட்டி (கருவியை நேராக ஒலி மேசைக்கு இணைக்கும் பெட்டி) வழியாக பேஸ், இரண்டு கிட்டார், இரண்டு குரல். மொத்தம் ஒன்பது. 150 பேர் கொள்ளும் அறையில் சிம்பலுக்கு மைக் தேவைப்படாது. மடிக்கணினியில் பின்னணித் தடம் ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அவசியம் வேண்டுமென்றால் கணினியை பேட்டரியில் ஓட்டி, தரை இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் உள்ள டிஐ பெட்டி வழியாகக் கொடுங்கள். சார்ஜர் செருகியிருந்தால் வரும் இரைச்சலைத் தேடிக் கண்டுபிடிக்க 15 நிமிடம் போதாது.

நான்கு பேண்ட் வாசிக்கும் இரவில் நான்கு டிரம்ஸ் ஏற்ற மாட்டார்கள். ஒருவருடைய கிக், டாம், ஸ்டாண்டுகள் எல்லாருக்கும் பொது. ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல், ஹை-ஹாட் கிளட்ச், குச்சிகள் அவரவருடையது. சிம்பலுக்குக் கீழே வைக்கும் ஃபெல்ட்டும் மேலே முடுக்கும் திருகும் நான்கைந்து கூடுதலாகப் பையில் இருக்கட்டும், தொலைவது அவைதான். உங்கள் டிரம்மர் இடக்கைக்காரர் என்றால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள், செட்டைத் திருப்பிப் போட நேரம் ஒதுக்க வேண்டும். பிறர் டிரம்ஸின் தோல் இறுக்கத்தைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கேபினட்டைப் பகிரும்போது ஓம் எண்ணைப் பார்த்தே இணைக்க வேண்டும். வால்வ் ஆம்ப்பில் 8 ஓம் துளைக்கு 8 ஓம் கேபினட். கேபினட் இணைக்காமல் வால்வ் ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். டிரான்சிஸ்டர் பேஸ் ஆம்ப்பில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால், இரண்டு 8 ஓம் கேபினட்டை இணையாகப் போட்டால் சரியாக 4 ஆகும். மூன்றாவது போட்டால் எல்லை தாண்டிவிடும். ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கேபினட்டுக்கும் இடையே ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளும் அதே துளையில் நுழையும், ஆனால் அதன் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

சிறிய அறையில் பாட்டு கேட்காமல் போவதற்கு முக்கியக் காரணம் கிட்டார் ஆம்ப். மைக் இல்லாமலேயே டிரம்ஸ் அருகில் 100 டெசிபலைத் தொடும். கிட்டார்காரர் அதற்கு மேல் ஏற்றுவார், பாடகருக்குத் தன் குரல் கேட்காது, தன்னை நோக்கி மேடையில் வைத்த ஸ்பீக்கரான மானிட்டரை ஏற்றச் சொல்வார், மானிட்டர் ஊளையிடும். அந்த நிலையில் ஒலி மேசையில் இருப்பவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற ஆம்ப் இந்த அளவு அறைக்குத் தாராளம். 100 வாட் ஆம்ப்புக்குப் பதில் 50 வாட் கொண்டுவந்தால் பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், குறைவது 3 டெசிபல்தான். ஆம்ப்பைத் தரையில் வைத்தால் கூர்மையான ஒலி உங்கள் முழங்காலைத் தாண்டி முதல் வரிசையின் காதில் போய் அறையும், உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் இன்னும் ஏற்றுவீர்கள். நாற்காலி மேல் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ வைத்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி செய்யுங்கள். ஷூர் எஸ்எம்58 மைக்குக்கு நேர் பின்பக்கம் செவிடு, அதனால் மானிட்டர் நேர் எதிரே இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற மைக்குக்குச் செவிட்டுப் பகுதி பின்பக்கத்தின் இரு ஓரங்களில் இருப்பதால் மானிட்டரைச் சற்று விலக்கி வைக்க வேண்டும். எந்த மைக்கானாலும் அதன் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தச் செவிட்டுத்தனமே போய்விடும், உடனே ஊளையிடும். மானிட்டரில் குரலை மட்டும் கேளுங்கள், மற்றது தேவைப்பட்டால் பிறகு. செக் செய்தபோது காலியாக இருந்த அறையில் ஆள் நிறைந்ததும் உயர் ஒலிகள் உடம்புகளில் உறிஞ்சப்பட்டுவிடும். முதல் பாட்டில் ஒலிக்காரர் மறுபடி சரிசெய்வார், அதைப் பார்த்துக் கலவரப்பட வேண்டாம். காதுக்கு வடிகட்டி வைத்த அடைப்பான் நால்வரும் வாங்குங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழிலிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம். உங்கள் செட் அதைப் போல இரண்டு மடங்கு நீளம்.

30 நிமிடத்துக்கு 26 நிமிடப் பட்டியல் போடுங்கள். மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு பாட்டு 21 நிமிடம், பேச்சுக்கும் சுருதி பார்க்கவும் ஐந்து. முதல் பாட்டு எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் நேரான பாட்டாக இருக்கட்டும், ஒலி அமைவது அந்தப் பாட்டில்தான். மெல்லத் தொடங்கும் பாட்டை அங்கே வைத்தால் பார் இரைச்சலில் கரைந்துவிடும். வேறு சுருதியில் வாசிக்கும் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள், அல்லது இரண்டாவது கிட்டார் எடுத்துவாருங்கள். நேரம் போதாவிட்டால் எந்தப் பாட்டை விடுவது என்று முன்பே குறித்துவையுங்கள். அதைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைத்தால் முடிவு கெடாது. பட்டியலின் ஒரு பிரதி ஒலி மேசைக்கும் போகட்டும்.

சிகாகோ குளிருக்கு ஒரு வார்த்தை. வெளியே உறைபனியிலிருந்து வந்த கிட்டாரை உடனே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். மூடியபடி அரை மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் சுருதி நிற்காது, பூச்சில் வெடிப்பும் வரலாம். குளிர்ந்த ஆம்ப்பின் உள்ளே ஈரம் கட்டும், அதையும் காயவிட்டே சுவிட்சைப் போடுங்கள். புதுக் கம்பியை முந்தின நாளே போட்டு இழுத்துவிட்டிருக்க வேண்டும். பையில் கூடுதல் கம்பி, ஆம்ப்புக்குச் சரியான ஆம்பியர் கொண்ட ஃபியூஸ், இரண்டு கிட்டார் கேபிள், பெடல் பவர், மின் நீட்டிப்புப் பலகை, கேபிளைத் தரையோடு ஒட்டும் கேஃபர் டேப், டிரம்ஸுக்குக் கீழே விரிக்க ஆறடிக்கு ஆறடி விரிப்பு. மேடை விளக்கு ஓடும் இணைப்பில் ஆம்ப்பைச் செருகினால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் ஏறும், எங்கே செருகுவது என்று ஒலிக்காரரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இலவச நிகழ்ச்சிக்கு "வருகிறேன்" என்று இணையத்தில் அழுத்தியவர்களில் கணிசமானோர் வர மாட்டார்கள். முதல் பேண்டுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் நீங்கள் நேரில் கூப்பிட்டவர்கள்தான். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பார் உள்ள இடம் என்பதால் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். பல்கலைக்கழக அட்டையும் இந்திய ஓட்டுநர் உரிமமும் எடுபடாமல் போகலாம், பாஸ்போர்ட்டோ மாநில அடையாள அட்டையோ வேண்டும். உங்கள் நால்வரில் யாருக்காவது 21 ஆகவில்லை என்றால் அதையும் இப்போதே கிளப்பில் சொல்லுங்கள். 1980இல் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் பேண்ட்காரர்கள் தங்கள் கையில் பெரிய எக்ஸ் குறி போட்டுக்கொண்டு, குடிக்க மாட்டோம் என்று காட்டித்தான் கிளப்புகளுக்குள் வழி திறந்தார்கள். அந்தக் குறி இன்றும் பல வாசல்களில் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் முடிவு அந்தந்தக் கிளப்பின் கையில். இரண்டாவது, பாரில் ஒரு கோப்பைக்கு ஒரு டாலராவது டிப்ஸ் வைக்க வேண்டும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1991இலிருந்து மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மாநிலமும் நகரமும் அதற்கு மேல் வைத்திருந்தாலும் டிப்ஸை நம்பித்தான் அவர்கள் வாழ்கிறார்கள். உங்கள் இலவசச் சீட்டில் வாங்கும் குடிப்புக்கும் இது பொருந்தும்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையில் நின்று நண்பர்களோடு பேசாதீர்கள், கேபிளைச் சுற்றாதீர்கள், சிம்பலைக் கழற்றிப் பையில் அடுக்காதீர்கள். ஒலிக்காரர் சேனலை மூடிவிட்டார் என்று பார்த்துக்கொண்டு டிஐ பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் விழும் அந்த வெடிச் சத்தம் ஸ்பீக்கரையே கெடுக்கலாம். பெடல் பலகையை அப்படியே தூக்குங்கள், ஆம்ப், ஸ்நேர், சிம்பல் எல்லாவற்றையும் மேடையை விட்டு இறக்கி ஓரத்தில் வைத்துப் பிரியுங்கள். கிளப்பின் மைக்கையும் ஸ்டாண்டையும் தொட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மேடை காலியாக வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறை பழகினால் முடியும். பிறகு ஒருவர் வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சமான இடத்தில் டி-ஷர்ட் மேசையில் சில்லறையோடு நிற்கட்டும், மற்ற மூவரும் மீதி மூன்று பேண்டுகளையும் முன்னால் நின்று கேளுங்கள். அவர்கள் நண்பர்களும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை உங்களைக் கூப்பிடப் போவது கிளப்காரரை விட அந்த பேண்டுகளில் ஒன்றாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம்.